சாலைக் கடைத்தெருவும் 'சமைத்துப் பார்' புத்தகமும்

திருவனந்தபுரத்தில் வசிக்கும் நம் அங்கத்தினர்களில் சாலைக் கடைத்தெருவுக்குப் போகாதவர் இருக்கமாட்டார். தர்மராஜா என்று பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்ம மஹாராஜாவின் காலத்தில் (1758-1798), திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய சந்தை இது. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும். நாஞ்சில் நாட்டு அரிசி இங்கேதான் வந்து இறங்கியது. திவான்களின் சரித்திரத்தைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்லவந்தது அடுக்களைச் சரித்திரம்.

1976-ல் எனக்கு விவாஹம் ஆயிற்று. சர்க்கார் உத்தியோகம், கரமனையில் வாடகை வீடு. என் தாயாரோ திருநெல்வேலியில். சமையல் சந்தேகத்துக்குக் கடிதம் எழுதினால் பதில் வர நான்கு நாள் ஆகும். அதற்குள் குழம்பு ஊசிப்போகும்! என் அகத்துக்காரி சீர் சாமான்களோடு எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' கொண்டுவந்திருந்தாள். "புஸ்தகத்தைப் பார்த்தா சமைக்கறது?" என்று எங்கள் பாட்டி முகத்தைச் சுளித்தாள்.

இந்தப் புத்தகத்தைப் 'பழைய காலத்து யோசனை' என்று பலர் சொல்லக் கேட்கிறேன். எனக்கு அது சம்மதமில்லை. இளவயதிலேயே கணவரை இழந்த மீனாட்சி அம்மாள், தம் மாமா கே.வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் ஊக்கப்படுத்தியதால் எழுதி, 1951-ல் வெளியிட்டார். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த வரைக்கும் புத்தகம் எதற்கு? டில்லிக்கும் பம்பாய்க்கும் மாற்றலாகிப் போன குமாஸ்தாக்களின் மனைவிமார்களுக்குத்தான் அது வேண்டியிருந்தது. சமையல் பழசு, புத்தகம் புதுசு.

இடைஞ்சல் வேறிடத்திலிருந்து வந்தது. புத்தகம் வெளியான ஐந்தாவது வருஷமே, 1956-ல், எடை அளவுச் சட்டம் வந்து மெட்ரிக் முறைக்கு வழி வகுத்தது. பலமும் ஆழாக்கும் கடைகளிலிருந்து போயின. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. இங்கேயோ நான்கு நாழி ஓர் இடங்கழி.

இதில் வேடிக்கை ரூபாய் எடைதான். வத்தக்குழம்புக்கு "ஒரு ரூபாய் எடை புளி" என்று தாயார் எழுதியிருந்தாள். என் அகத்துக்காரி கையிலிருந்த புது ரூபாயைத் தராசில் வைத்து நிறுத்தாள். குழம்பில் புளிப்பே ஏறவில்லை. பௌதிகம் படித்தவன் என்ற முறையில் நான் கணக்குப் போட்டேன். பழைய ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 1962-ல் வந்த நாணயம் 10 கிராம். 1975-ல் வந்தது 8 கிராம்தான். ரூபாய் இளைத்தால் புளியும் மூன்றில் ஒரு பங்கு இளைக்காதா? பிறகு சாலையில் ஒரு வயதான பலசரக்குக் கடைக்காரர், கேட்ட மாத்திரத்தில், "மூணு தோலா ஒரு பலம், முப்பத்தஞ்சு கிராம்னு வச்சுக்கோங்கம்மா" என்றார்.

பாத்திரமும் சாலையில்தான் வாங்கினோம். கல்சட்டியை ஒரு வாரம் சூடான கஞ்சி ஊற்றிப் பழக்கினாள். கனத்த மாக்கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் குழம்பு கொதிக்கும். சற்று முன்னதாகவே இறக்கு என்று பெரியவர்கள் சொன்னது இதனால்தான். ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் வைக்காதே என்பதற்கும் காரணம் உண்டு. வெள்ளீயம் 232 டிகிரி செல்ஷியஸிலேயே உருகிவிடும். உள்ளே ரஸம் இருக்கும் வரை சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும், சொம்பு பிழைக்கும். (காரீயம் கலந்த சொம்பு விஷம். வாங்குபவர்கள் ஜாக்கிரதை.)

அந்தப் பிரதியின் ஓரங்களில் என் அகத்துக்காரி பென்சிலால் கிராம் கணக்குகளை எழுதிவைத்திருக்கிறாள். சென்ற வருஷம் கல்யாணமாகி பெங்களூர் போன பேத்திக்கு அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினோம். அவளிடம் எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது. மறுநாளே போன் வந்தது: "பாட்டி, பெருங்காயத்துக்கு நேரே மட்டும் ஏன் ஒண்ணும் எழுதலை?"