உள்ளமை வார்ப்புருக்களில் தரவுப் பகிர்வு

வலைப்பக்கங்களின் தலைப்பகுதி, பட்டியல், அடிப்பகுதி போன்றவை தனித்தனி வார்ப்புருக்களாக எழுதப்பட்டு, ஒன்றனுள் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. பயனரின் கோரிக்கையுடன் வரும் தரவு வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கத்தைச் சென்றடையும் முறை, உள்ளமை வார்ப்புருக்களில் தரவுப் பகிர்வு எனப்படும்.

வரலாறு

1995 இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் வெளியிட்ட பிஎச்பியில் இருந்து வளர்ந்த மொழியில், சேர்க்கப்படும் கோப்பு அந்த இடத்தில் உள்ள மாறிகள் அனைத்தையும் காணும். கோரிக்கையில் வரும் மதிப்புகளும் தாமாகவே பொது மாறிகளாயின. இதனால், நிரலர் தொடக்க மதிப்பு தராமல் விட்ட மாறிக்குள், இணைய முகவரியின் வழியாகவே அயலார் மதிப்பைப் புகுத்த முடிந்தது. பொது மாறியாக்கும் இவ்வசதி 2002 இல் 4.2 பதிப்பில் இயல்பாக அணைக்கப்பட்டு, 2012 இல் 5.4 பதிப்பில் நீக்கப்பட்டது.

1999 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜேஎஸ்பி, மாறிகளுக்குப் பக்கம், கோரிக்கை, அமர்வு, செயலி என நான்கு எல்லைகளை வகுத்தது. இயக்கநேரத்தில் சேர்க்கப்படும் உட்பக்கம், வெளிப்பக்கத்தின் பக்க எல்லையில் உள்ளதைக் காணாது. கோரிக்கை எல்லையில் வைத்ததைக் காணும். அந்தக் கோரிக்கை முடிந்ததும் அத்தரவு நீங்கிவிடும்.

2005 இல் வெளியான ஜாங்கோ, வெளி வார்ப்புருவின் சூழல் முழுவதையும் உள் வார்ப்புருவுக்குத் தந்தது. 2011 இல் வந்த 1.3 பதிப்பு, குறிப்பிட்டவற்றை மட்டும் தரும் வழியையும் சேர்த்தது.

தமிழ் விக்கிப்பீடியாவில்

2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. இம்மென்பொருளின் வார்ப்புருக்கள் 2004 முதல் அளபுருக்களை, அதாவது பெயரிட்டுத் தரப்படும் மதிப்புகளை, ஏற்கின்றன. எதுவும் தானாக உள்ளே செல்லாது என்பதே இங்குள்ள விதி.

எடுத்துக்காட்டாக, கொல்லிமலையிலுள்ள வாசலூர்பட்டி பற்றிய பக்கத்தில், தகவற்சட்டத்துக்கு 'மாவட்டம் = நாமக்கல்' என்று தரப்படுவதாகக் கொள்வோம். அச்சட்டத்தினுள் இருக்கும் வரைபட வார்ப்புரு அதை அறியாது. தகவற்சட்டமே அம்மதிப்பை மீண்டும் பெயரிட்டுக் கையளிக்க வேண்டும். அது விடுபட்டு, மாற்று மதிப்பும் தரப்படாவிட்டால், மூன்று அடைப்புக்குறிகளுக்குள் 'மாவட்டம்' என்ற சொல்லே பக்கத்தில் தெரியும்.

2013 இல் விக்கிப்பீடியாக்களில் அறிமுகமான லூவா நிரற்கூறுகள், தம்மை அழைத்த வார்ப்புருவின் அளபுருக்களைப் படிக்கலாம். அதற்கு மேலுள்ள வார்ப்புருவின் அளபுருக்களைப் படிக்க முடியாது.

ஒப்பீடு

அனைத்தையும் பகிரும் முறையில் எழுதுவது எளிது. ஆனால், தவறு மறைந்து கிடந்து பாதுகாப்புக் குறையாக மாறக்கூடும். பெயரிட்டுக் கையளிக்கும் முறையில் எழுதும் வேலை கூடும். ஆயினும், விடுபட்ட அளபுரு பக்கத்திலேயே தெரிவதால் வாசகரே பிழையைக் கண்டுபிடிக்கலாம். அப்போது கட்டுரையைத் திருத்துமுன், இடையிலுள்ள வார்ப்புரு அம்மதிப்பைக் கையளிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.