கெடாவில் நாணய நோட்டமும் விற்பவர் மேல் நம்பிக்கையும்

பெண்டாங், அலோர் ஸ்டார் வட்டாரத்தில் பழைய நாணயம் வாங்குவோர் எந்த விற்பனையாளரை நம்பலாம் என்று தயங்குவது, நாணயச் சேகரிப்போடு பிறந்த தயக்கமன்று. காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் எடையையும் மாற்றையும் சார்ந்திருந்த காலத்தில், அது அன்றாடக் கொடுக்கல் வாங்கலிலேயே இருந்தது. மாற்று என்பது உலோகத்தின் தூய்மை அளவு. அதைச் சோதித்துச் சொல்லும் தொழில் நோட்டம். அத்தொழிலோரைப் பழந்தமிழர் வண்ணக்கர் என்றனர். பிற்கால வணிகர் சராப்பு என்றனர்.

பினாங்கு வணிகத்தோடு பிணைந்திருந்த கெடாவில் மெக்சிக்கோ டாலரும், 1895 முதல் அடிக்கப்பட்ட பிரிட்டானிய வணிக டாலரும் கலந்து புழங்கியதால், காசைச் சுண்டி ஓசை கேட்டு, விளிம்பைத் தடவி, தராசிலிட்டு நிறுக்கும் சராப்பின் சொல்லே இறுதியாயிற்று. சீன வணிகர்கள் தாம் ஏற்ற காசில் சிறு முத்திரை பதித்தனர். அது காசுக்கு அவர்கள் அளித்த உறுதிமொழி எனலாம்.

1903இல் பம்பாய் அக்கசாலையில் அடித்து வெளியிடப்பட்ட நீரிணைக் குடியேற்ற டாலர் இந்நிலையை மாற்றியது. 26.95 கிராம் எடையும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் கொண்டிருந்த அது, 1906இல் இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்ட பின், வெள்ளி விலை ஏறியதால் 1907இல் 20.21 கிராமாகச் சுருக்கப்பட்டது. மதிப்பு உலோகத்திலிருந்து அரசின் ஆணைக்கு இடம்பெயர்ந்ததும் நோட்டக்காரரின் தேவை குறைந்தது. அரசின் சொல்லை மட்டும் நம்பிய பணம் எத்தகையது என்பதைத் தோட்டத் தொழிலாளர் மிகக் கசப்பாக அறிந்தது 1945இல்தான். ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டுகள் செல்லாதனவாக, அவற்றில் சேர்த்த கூலியெல்லாம் ஒரே நாளில் வெறுங்காகிதமாயிற்று.

இன்று 1903, 1904ஆம் ஆண்டு டாலர்களுக்குப் போலிகள் மலிந்துள்ளதால், மறைந்த நோட்டக்காரரின் பொறுப்பை நாணய விற்பனையாளரே ஏற்க வேண்டியுள்ளது. செம்பும் நிக்கலும் கலந்து அதே அளவில் வார்த்த போலி ஏறத்தாழ மூன்றரை கிராம் குறைவாக நிற்கும். எடையைச் சரிக்கட்டினால் தடிப்புக் கூடிவிடும். ஆகவே வாங்குபவர் முன் நிறுத்துக் காட்டி, ஆண்டும் அக்கசாலைக் குறியும் எழுதிய ரசீது தந்து, போலியெனத் தெரிந்தால் பணத்தைத் திருப்புவதாக அதிலேயே ஒப்புக்கொள்ளும் கடைக்காரரே, பெரிய கண்ணாடிப் பேழை வைத்திருப்பவரைவிட, பழைய சராப்பின் மரபுக்கு நெருக்கமானவர்.