நான்கு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய காரின் நியாய விலை

2023 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வெள்ளவத்தையில் வசிக்கும் எனது பழைய கணித ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கணவர் காலமாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டு வாசலில் நின்ற அவரது மேர்சிடிஸ் பென்ஸ் 240 டி காரை விற்க வேண்டிய நிலை. "தம்பி, தரகர் ஒருவர் 12 இலட்சத்துக்குக் கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் 40 இலட்சத்துக்குக் குறையக் கொடுக்க வேண்டாம் என்கிறார். ஒரே காருக்கு இப்படி இரண்டு விலை எப்படி வரும்?" என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் இருந்தவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். கார் வாங்கி விற்றவன் அல்லன் நான். ஆனால் இந்த நாட்டில் பழைய கார்களின் விலை ஏறி இறங்கிய கதை, நாட்டின் பொருளாதார வரலாறே. அதை அருகிருந்து பார்த்திருக்கிறேன்.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகக் கார் இறக்குமதி இறுகியது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, ஐம்பதுகளில் வந்திறங்கிய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் பேஜோக்களுமே வீதிகளை ஆண்டன. புதியது வராத நாட்டில் பழையது பழையதாவதில்லை. பதினைந்து ஆண்டு ஓடிய காரை வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்களை எங்கள் ஊரிலும் கண்டதுண்டு.

இதைவிட விசித்திரமான சந்தையை 1990களில் யாழ்ப்பாணத்தில் கண்டேன். பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாது. ஒரு சிறு போத்தலில் இருக்கும் சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். அழுத்தம் குறைந்த பழைய ஒஸ்ரின் ஏ 40 எஞ்சின் அந்தக் கொடுமையைத் தாங்கியது. புதிய ஜப்பானியக் கார்களுக்கு அது ஒத்துவரவில்லை. எனவே பளபளக்கும் புதிய கார் கொட்டிலில் உறங்க, அதன் தகப்பன் வயதுடைய கார் வாடகைக்கு ஓடிச் சம்பாதித்தது. அந்த நாட்களில் மீற்றர் என்ன காட்டுகிறது என்று எவரும் கேட்கவில்லை. அக்கார்களில் பெரும்பாலானவற்றின் மீற்றருக்கு ஐந்து இலக்கங்கள்தாம். 99,999 மைலைத் தாண்டியதும் அது மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். எத்தனை முறை வந்தது என்பது சாரதிக்கே வெளிச்சம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபா சரிந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாவளவில் இருந்த பெறுமதி சில மாதங்களில் 360ஐ எட்டியது. பாவித்த கார்களின் விலை, அவை புதிதாக வந்தபோது இருந்த விலையைத் தாண்டிச் சென்றது. பக்கத்து வீட்டுக்காரரின் 40 இலட்சம் இந்தக் காலத்துக் கணக்கு. அது காரின் பெறுமதியல்ல, தட்டுப்பாட்டின் பெறுமதி. தரகரின் 12 இலட்சமோ ஒரு விதவையின் அவசரத்துக்கு அவர் போட்ட விலை.

இந்த இரண்டுக்கும் நடுவே நியாய விலை எங்கே இருக்கிறது? இக்கேள்வியைப் பொருளியல் நூல்களுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஜோர்ஜ் அக்கர்லோவ். பாவித்த கார்ச் சந்தையைப் பற்றிய அவரது கட்டுரை 1970 இல் வெளிவந்தது. அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001 இல் அதே ஆய்வுக்காக நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அவர் சொன்னது எளிமையானது. காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாக் கார்களும் குறையுள்ளவை என்று எண்ணியே விலை சொல்கிறான். அந்த விலைக்கு நல்ல காரை வைத்திருப்பவன் விற்க முன்வருவதில்லை. நல்லவை விலகிக்கொள்ள, சந்தையில் மோசமானவை மிஞ்சுகின்றன. இந்தியக் கிராமங்களில் வட்டிக்குக் கொடுப்பவர்களையும் அவர் அதே கட்டுரையில் உதாரணம் காட்டினார் என்பது நம்மவர்கள் அறியவேண்டிய செய்தி.

மேல்நாடுகள் இதற்குச் சில பரிகாரங்களைத் தேடின. லொஸ் ஏஞ்சலிசில் கார் வணிகம் செய்த லெஸ் கெலி 1926 இல் பாவித்த கார்களின் விலைப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். 1933 இல் பிரித்தானியாவில் வில்லியம் கிளாஸ் அதுபோன்ற ஒன்றைத் தொடங்கினார். மீற்றரைப் பின்னோக்கிச் சுற்றுவதைத் தடுக்க அமெரிக்கா 1972 இல் கூட்டாட்சிச் சட்டம் இயற்றியது. எங்களுக்கு வாய்த்தவை ஞாயிறு பத்திரிகையின் விளம்பரப் பக்கமும் தரகரின் வாயும்தான்.

ரீச்சரின் கார் டபிள்யூ 123 என்ற வரிசையைச் சேர்ந்தது. 1976 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிமுகமாகி எண்பதுகளின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் இந்த வரிசையில் செய்யப்பட்டன. மீற்றரில் 4,12,000 கிலோமீற்றர் சொச்சம். இந்த எண்ணைக் கண்டுதான் தரகர் முகத்தைச் சுளித்தாராம். ஆனால் இந்த எஞ்சினுக்கு அது மரண வயதன்று. இதற்கு முந்திய வரிசையின் 1976 ஆம் ஆண்டு 240 டி ஒன்றைக் கிரேக்க வாடகைக் கார்ச் சாரதி கிரகோரியோஸ் சச்சினிடிஸ் 1981 இல் வாங்கினார். அப்போதே அது இரண்டு இலட்சத்துக்கு மேல் ஓடியிருந்தது. எஞ்சின்களை மாற்றி மாற்றி 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டி, 2004 இல் அதனை ஜேர்மனியில் உள்ள அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார்.

அதற்காக ஓடிய தூரம் பொருட்டல்ல என்றும் சொல்லிவிட முடியாது. சொகுசுக் காரில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். உதிரிப்பாகத்தின் விலை இறங்காது. மலிவாக வாங்கிய பென்ஸ், பராமரிப்பில் பென்சாகவே இருக்கும். எனவே கேட்கவேண்டிய கேள்வி "எவ்வளவு ஓடியது?" என்பதன்று. "அந்தத் தூரத்தில் செய்யவேண்டிய வேலைகளில் எவை செய்யப்பட்டன, எவை வாங்குபவன் தலையில் விழ இருக்கின்றன?" என்பதே.

மருதானையில் கராஜ் வைத்திருக்கும் நண்பர் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் மீற்றரைப் பார்க்கவே இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க ஒயில் மூடியைத் திறந்து புகை எழுகிறதா என்று பார்த்தார். பிரேக் மிதியின் இறப்பர் தேய்மானத்தையும் சாரதி ஆசனத்தின் பள்ளத்தையும் தடவிப் பார்த்தார். முன்கண்ணாடியின் அடிவிளிம்பிலும் கதவுகளின் கீழும் துருவைத் தேடினார். பின் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். அது உடனே நிற்காமல் சில விநாடிகள் ஓடியே ஓய்ந்தது. இந்த டீசல் எஞ்சினை நிறுத்துவது வெற்றிட அழுத்தம். எங்கோ குழாய் கசிகிறது என்றார். அதுவும் துருவும் முன் சில்லுத் தொகுதியுமாக 7 இலட்சம் ரூபா வேலை இருப்பதாகக் கணக்கிட்டார்.

அப்போது ரீச்சர் உள்ளே சென்று நீல மட்டைக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். பொறியியலாளரான கணவர் ஒவ்வொரு ஒயில் மாற்றத்தையும் திகதியுடன் எழுதி வைத்திருந்தார். தொண்ணூறுகளில் மீற்றரின் பற்சில்லு உடைந்து அது ஐந்து மாதங்கள் ஓடாமல் நின்றதும், அக்காலத்தில் ஓடிய தூரம் உத்தேசமாக 6,000 கிலோமீற்றர் என்பதும் அதில் இருந்தது. தன் காரைப் பற்றித் தானே சாட்சி எழுதி வைத்த மனிதர்.

தரகர் மறுபடியும் வந்தார். "அம்மா, இந்தக் கொப்பியை எடுத்து வையுங்கள். நாலு இலட்சத்தை ஒன்றரை இலட்சமாக்கித் தருகிறேன், 35க்குப் போகும்" என்றாராம். ரீச்சர் என்னிடம் இதைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. பணம் அவருக்குத் தேவைதான். கண் சத்திரசிகிச்சை ஒன்று காத்திருந்தது. "அவர் இருபது வருஷம் எழுதினதை நான் ஒரு நாளில் பொய்யாக்கிறதா?" என்றார்.

நாங்கள் விலை நிர்ணயித்த முறை இதுதான். அதே வரிசைக் கார்களுக்கான விளம்பரங்கள் 30 முதல் 34 இலட்சம் வரை கேட்டன. கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு என்பதால் 30ஐ எடுத்துக்கொண்டோம். வரவிருக்கும் வேலைக்கு 7ஐக் கழித்தோம். மிச்சம் 23. தெரியாத குறைகளுக்கு என்று இன்னொரு தொகையைக் கழிப்பதே வழக்கம். கொப்பி இருந்ததால் அதைக் கழிக்கவில்லை. அக்கர்லோவ் சொன்ன அந்த அறியாமையின் விலையைத்தான் அந்தக் கொப்பி இல்லாமல் செய்தது.

விளம்பரத்தில் உண்மையான தூரத்தையே போட்டோம். மூன்று வாரங்கள் எவரும் அழைக்கவில்லை. ரீச்சருக்குக் கவலை, எனக்கு உள்ளூரப் பயம். நான்காவது வாரம் குருநாகலில் இருந்து ஓர் இளைஞர் தந்தையுடன் வந்தார். கொப்பியை ஒரு மணிநேரம் வாசித்தார்கள். பேரம் பேசாமல் 23 இலட்சம் கொடுத்தார்கள். ஒரேயொரு நிபந்தனை, கொப்பியும் சேர்த்துத் தரவேண்டும் என்பது. ரீச்சர் சற்றுத் தயங்கினார். பிறகு கடைசிப் பக்கத்தில் அன்றைய திகதியையும் மீற்றரின் எண்ணையும் தன் கையால் எழிதிக் கொடுத்தார்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிகள் உயர்ந்திருப்பதால் பழைய கார்களின் மதிப்பு அடியோடு விழுந்துவிடவில்லை. அண்மையில் அந்த இளைஞர் ரீச்சருக்குத் தொலைபேசியில் பேசினாராம். வெற்றிடக் குழாயை மாற்றிவிட்டார். திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் நிற்கிறது. கொப்பியில் இடம் முடிந்துவிட்டதால் புதியது ஒன்று வாங்கியிருக்கிறார்.