பேனாவுக்குக் கடல் தெரிய வேண்டாம்

1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் பக்கம் நிலம் நடுங்கியது. கிளம்பிய சுனாமியைப் போர்ட் பிளேரில் கடல் மட்டத்தை அளக்கும் ஓதமானி தானாகவே காகிதத்தில் வரைந்து வைத்தது. மிதவை நீரோடு ஏறி இறங்கும். அந்த அசைவு சுருங்கிப் பேனாவுக்குப் போகும். கடிகார விசையில் காகித உருளை சுழலும். பேனாவுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. வங்கக் கடலோரம் கிடைத்த இத்தகைய பதிவுகளை வைத்துத்தான், 2003-இல் ஆய்வாளர்கள் ஓர்ட்டிஸும் பில்ஹாமும் அந்த நடுக்கத்தின் அளவு 7.9 என்று கணித்தார்கள்.

அந்தமானின் சௌல்தாரியில் உட்கார்ந்து ஓத அளவுகளைப் பைதான் நிரல்மொழியில் வரைகிறவன் நான். எனக்குக் கைகொடுக்கும் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பும், ஒவ்வொரு பகுதிக்கும் தன் வேலை மட்டுமே தெரியும் என்ற இதே ஒழுங்கில் வளர்ந்தது. அதை எழுதிய ஜான் ஹன்டர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்தவர். ஆய்வகத்தின் வணிக மென்பொருளுக்கு ஒரே ஓர் உரிமம். எல்லோரும் முறை வைத்துப் பயன்படுத்தினார்கள். அதற்கு மாற்றாக மேட்லாபில் ஒன்றை எழுதிப் பார்த்தார், போதவில்லை. பைதானில் புதிதாகத் தொடங்கி 2003-இல் வெளியிட்டார்.

அதில் மூன்று அடுக்குகள். அடியில் பேக்எண்ட்: திரையிலோ பிடிஎஃப் கோப்பிலோ கோட்டைப் பதிப்பது அதன் வேலை. நடுவில் ஆர்ட்டிஸ்ட்: கோடு, எழுத்து, அச்சு எல்லாம் அங்கே. மேலே பைப்ளாட், இரண்டு வரியில் படம் வேண்டுபவருக்கு. மேலடுக்கு கீழடுக்கிடம் வேலை சொல்லும். தன்னிடம் வேலை சொல்வது யார் என்று கீழடுக்குக்குத் தெரியாது.

அடுக்குகளுக்கு இடையிலான இந்த எல்லை தொடக்கத்தில் இவ்வளவு சுத்தமாக இல்லை. வில், கோடு, புள்ளி, செவ்வகம், பலகோணம் என்று ஒவ்வொன்றுக்கும் பேக்எண்டில் தனிக் கட்டளை இருந்தது. புதிய பேக்எண்ட் எழுதுபவர் அத்தனையையும் எழுத வேண்டும். ஒன்றில் சரியாக வரும் படம் மற்றொன்றில் மாறி வரும். நூலகத்தை உருவாக்கியவர்களில் மைக்கேல் டிராட்பூமும் மற்றவர்களும் அதைத் திருத்தினார்கள். எந்த வடிவமும் ஒரு பாதைதான் என்று வைத்து, பாதை, எழுத்து, படிமம் என ஒரு சில கட்டளைகளுக்குள் அடக்கினார்கள். அந்த நூலகத்தின் வரலாற்றில் ஆகச் சிறந்த வேலை அது என்பேன். சேர்ப்பதை யாரும் செய்வார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் குறைப்பதற்குத் துணிவு வேண்டும்.

ஹன்டர் 2012 ஆகஸ்டில் மறைந்தார். அவர் வகுத்த அடுக்குகள் நிலைத்ததால் பிறரால் தொடர முடிந்தது.

கற்றுக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பைப்ளாட் எந்தப் படத்தில் வரைகிறோம் என்பதைத் தானே நினைவில் வைத்துக்கொள்கிறது. இரண்டு படங்கள் சேர்ந்ததும் மாணவர் குழம்பிவிடுகிறார். முதல் பாடத்திலேயே படத்தையும் அதன் அச்சுகளையும் பெயரிட்டு உருவாக்கச் சொல்லுங்கள்.