மந்திரவாதியின் மருமகன் (புதினம்)

மந்திரவாதியின் மருமகன் என்பது பிரித்தானிய எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் எழுதிய சிறுவர் கனவுருப்புனைவுப் புதினம் ஆகும். ஆங்கிலத்தில் த மெஜீசியன்ஸ் நெவ்யூ என்ற பெயருடைய இந்நூலை 1955 ஆம் ஆண்டு மே 2 ஆம் நாள் இலண்டனில் உள்ள போட்லி ஹெட் பதிப்பகம் வெளியிட்டது. இதற்கான ஓவியங்களை பவுலின் பெய்ன்ஸ் வரைந்தார். ஏழு நூல்களைக் கொண்ட நார்னியா வரிசையில் ஆறாவதாக வெளிவந்த இது, கதை நிகழும் கால வரிசைப்படி முதலாவது ஆகும். நார்னியா என்னும் உலகம் தோன்றிய விதத்தையும், பல உலகங்கள் ஒன்றுக்கொன்று அருகருகே இருப்பதையும் இந்நூல் கூறுகிறது. நோயுற்ற தாயைக் காப்பாற்ற விரும்பும் ஒரு சிறுவனின் தவிப்பே கதையின் மையமாகும்.

கதைச் சுருக்கம்

கதை 1900 ஆம் ஆண்டளவில் இலண்டனில் தொடங்குகின்றது. டிகோரி கிர்க் என்ற சிறுவனின் தந்தை இந்தியாவில் இருக்கிறார். தாய் கடும் நோயில் படுத்திருக்கிறார். தாயும் மகனும், தாயின் உடன்பிறந்தோரான லெட்டி, அண்ட்ரூ ஆகியோரின் வீட்டில் தங்கியுள்ளனர். அடுத்த வீட்டுச் சிறுமி பொலி பிளம்மருடன் கூரையின் கீழுள்ள இடைவெளி வழியே ஊர்ந்து செல்லும் டிகோரி, தவறுதலாக மாமன் அண்ட்ரூவின் அறைக்குள் நுழைந்து விடுகிறான்.

அண்ட்ரூ மந்திர வித்தையில் ஈடுபாடு கொண்டவர். அவருடைய ஞானத்தாய் திருமதி லெஃபே, தாம் இறந்தபின் திறக்காமலேயே எரித்துவிடும்படி ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தார். அவ்வாக்கை மீறிய அண்ட்ரூ, பெட்டியிலிருந்த துகளைக் கொண்டு மஞ்சள், பச்சை நிற மோதிரங்களைச் செய்திருந்தார். தாமே சென்று பார்க்கத் துணியாத அவர், பொலியை ஏமாற்றி மஞ்சள் மோதிரத்தைத் தொடச் செய்கிறார். அவள் மறைந்து விடுகிறாள். அவளை மீட்க டிகோரியும் செல்ல வேண்டியதாகிறது.

சிறுவர் இருவரும் சார்ண் என்ற அழிந்த நகரை அடைகின்றனர். அங்கே பொலி தடுத்தும் கேளாமல் டிகோரி ஒரு மணியை அடிக்க, உறங்கிக்கிடந்த அரசி ஜேடிஸ் விழித்தெழுகிறாள். அவள் சிறுவரைப் பற்றிக்கொண்டு இலண்டனுக்கும் வந்து, அங்கே குழப்பம் விளைவிக்கிறாள். அவளை அப்புறப்படுத்த முயலும்போது குதிரை வண்டியோட்டி பிராங்க், அவருடைய குதிரை, அண்ட்ரூ ஆகியோரும் சேர்ந்து ஒரு வெற்றுலகில் விழுகின்றனர். அங்கே அஸ்லான் என்னும் சிங்கம் பாடப்பாட விண்மீன்களும் மரங்களும் விலங்குகளும் தோன்றுகின்றன. அதுவே நார்னியா.

தன் தாயைக் குணப்படுத்தும்படி டிகோரி அஸ்லானிடம் வேண்டுகிறான். நிமிர்ந்து பார்க்கையில் சிங்கத்தின் கண்களிலும் கண்ணீரைக் காண்கிறான். எனினும் அவனால் தீமை நார்னியாவுக்குள் வந்துவிட்டதால், அதைத் தடுத்துக் காக்கும் மரத்துக்குரிய ஆப்பிளைத் தொலைவிலுள்ள தோட்டத்திலிருந்து கொண்டுவரும்படி பணிக்கப்படுகிறான். அங்கே முன்னரே வந்து ஆப்பிளைத் தின்றுவிட்ட ஜேடிஸ், கனியைத் தாயிடம் கொண்டுசென்றால் அவர் பிழைப்பார் என்கிறாள். பொலியை அங்கேயே விட்டுச் செல்லலாம் என்றும் அவள் கூறியதும், அவளுடைய பேச்சின் பொய்மை டிகோரிக்குப் புலனாகிறது. அவன் கனியை அஸ்லானிடமே ஒப்படைக்கிறான்.

கனி நடப்பட்டு மரமாகிறது. திருடிய கனியும் தாயைக் குணப்படுத்தியிருக்கும், ஆனால் அது மகிழ்ச்சியைத் தந்திராது என விளக்கும் அஸ்லான், அம்மரத்திலிருந்தே ஒரு கனியை அவனுக்கு அளிக்கிறது. தாய் நலமடைகிறார்.

உலகங்களின் அமைப்பு

இந்நூலில் உலகங்களுக்கிடையே நேரடி வழி இல்லை. அவற்றை இணைப்பது எண்ணற்ற குளங்கள் கொண்ட அமைதியான ஒரு காடு ஆகும். ஒவ்வொரு குளமும் ஒவ்வோர் உலகின் வாயில். மஞ்சள் மோதிரம் அணிந்தவரைக் காட்டுக்குள் இழுக்கும். பச்சை மோதிரம் காட்டிலிருந்து வெளியே அனுப்பும். மோதிரங்களைச் செய்த அண்ட்ரூவுக்கே இது சரியாகத் தெரியாது. மஞ்சள் வெளியே செல்லவும் பச்சை வீடு திரும்பவும் உதவும் என்றே அவர் கருதியிருந்தார்.

ஓர் உலகம் அழிந்தால் அதன் குளம் வற்றிவிடும். தோற்பதைவிட அனைவரும் அழிவதே மேல் எனக் கருதிய ஜேடிஸ், ஒரே ஒரு மந்திரச் சொல்லால் சார்ண் உலகின் உயிர்களையெல்லாம் அழித்தவள். கதையின் இறுதியில் சார்ணின் குளம் வற்றிய பள்ளமாகக் காட்டப்படுகிறது. மனிதரும் அத்தகைய அழிவாற்றலைக் கண்டறியக்கூடும் என அஸ்லான் எச்சரிக்கிறது. 1945 இல் அணுகுண்டுகள் வீசப்பட்டுப் பத்தாண்டுகளுக்குப் பின் வெளிவந்த நூல் என்பதால், இப்பகுதி அணு ஆயுதங்களைக் குறிப்பதாகப் பலர் கருதுகின்றனர்.

பின்னணி

லூயிஸ் 1898 இல் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். அவருடைய தாய் புளோரா 1908 ஆகத்து மாதம் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது ஒன்பது. தாய் பிழைக்க வேண்டுமெனச் செபித்ததையும் அது பலிக்காததையும், 1955 இல் வெளியான தம் தன்வரலாற்று நூலில் அவர் பதிவு செய்துள்ளார். தமக்குக் கிடைக்காத கனியை டிகோரிக்குக் கிடைக்கச் செய்தார் எனினும், அதை முதலில் கைவிட்ட பின்னரே கிடைக்கும்படி கதையை அமைத்தார்.

வரிசையின் முதல் நூலை முடித்தவுடன் இதனை எழுதத் தொடங்கிய லூயிஸ், பலமுறை நிறுத்தி, ஏழு நூல்களுள் இறுதியாகவே இதை முடித்தார். லெஃபே துணுக்கு எனப்படும் ஒரு தொடக்ககால வரைவு கிடைத்துள்ளது. அதில் மரங்களின் மொழியை அறிந்த டிகோரி, பொலியின் பொருட்டு ஒரு கிளையை வெட்டியதால் அவ்வாற்றலை இழக்கிறான். ஈடித் நெஸ்பிட்டின் சிறுவர் கதைகளும், விவிலியத்தின் தொடக்கநூலும் இப்புதினத்தில் செல்வாக்குச் செலுத்தியுள்ளன.

பிற நூல்களுடன் தொடர்பு

வரிசையின் முதல் நூலில் வரும் சில பொருட்களின் தோற்றம் இதில் விளக்கப்படுகிறது. ஜேடிஸ் எறிந்த இலண்டன் விளக்குக் கம்பத்தின் இரும்புத் துண்டு, நார்னியாவின் புதுமண்ணில் விளக்குக் கம்பமாக வளர்கிறது. தாய் உண்ட கனியின் எச்சத்தை டிகோரி இலண்டனில் புதைக்க, அதிலிருந்து வளர்ந்த மரம் பிற்காலத்தில் புயலில் சாய்கிறது. அம்மரத்தால் அவர் செய்வித்த துணி அலமாரியே பின்னர் நார்னியாவுக்கு வாயிலாகிறது.

வாசிப்பு வரிசை

1994 இல் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட பதிப்புகளில் இந்நூல் முதலாவதாக எண்ணிடப்பட்டது. வெளியான வரிசையிலேயே படிக்க வேண்டும் என்போர், விளக்குக் கம்பம், அலமாரி ஆகியவற்றின் மருமம் முதலிலேயே வெளிப்பட்டுவிடும் என்கின்றனர். லூயிஸ் 1957 இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் கால வரிசையை ஆதரித்தாலும், எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடில்லை எனவும் குறிப்பிட்டார்.