பிடியும் விடுதலையும்: உயிர்காப்புப் படகுகளை விடுவிக்கும் கொக்கியின் வரலாறு

கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் உயிர்காப்புப் படகை இரண்டு வடங்கள் தாங்குகின்றன. ஒன்று முன்புற அணியத்தில், மற்றொன்று பின்புற அமரத்தில். இரண்டும் சீராக இறங்க வேண்டும். நீரைத் தொட்டதும் இரண்டும் ஒரே நொடியில் படகை விட வேண்டும். அமைதியான துறைமுகத்தில் இது எளிய வேலை. நடுக்கடலில், இரவில், சாய்ந்துகொண்டிருக்கும் கப்பலிலிருந்து இறக்கும்போது கதை வேறு. அலையின் முகடு படகைத் தூக்கும்போது வடம் தளரும்; அடுத்த கணம் படகு பள்ளத்தில் விழ, அதே வடம் விறைத்துச் சொடுக்கும். ஒரு முனை மட்டும் கழன்றால் படகு செங்குத்தாகத் தொங்கி, உள்ளிருப்பவர்களைக் கடலில் கொட்டிவிடும். கப்பல் முன்னேறிக்கொண்டிருந்தால், கழலாத முனையைப் பிடித்து இழுத்துப் படகைக் கவிழ்க்கும். நீருக்கு மேலே உயரத்தில் இருக்கும்போதே கொக்கி திறந்துகொண்டாலோ, எல்லோரும் படகோடு விழுவார்கள்.

ஆக, கொக்கி கெட்டியாகப் பிடிக்கவும் வேண்டும், தயங்காமல் விடவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைச் சரிசெய்யப் போனபோதெல்லாம் மற்றது கெட்டது. கடந்த விபத்தை மட்டும் கண்முன் வைத்து எழுதப்பட்ட விதிகள் அடுத்த விபத்துக்கு எப்படி வழிவகுத்தன என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

நிறுத்த முடியாத கப்பல்

1852 ஜனவரி 2 அன்று ராயல் மெயில் நிறுவனத்தின் 'அமேசான்' என்ற நீராவிக் கப்பல் சௌதாம்ப்டனிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குத் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. மரத்தாலான, பக்கச் சக்கரங்களால் இயங்கும் கப்பல் அது. ஜனவரி 4 அதிகாலை, பிஸ்கே விரிகுடாவை நெருங்கும் கடற்பரப்பில் அது தீப்பிடித்தது. எந்திர அறைக்குள் எவரும் நுழைய முடியாதபடி தீ சூழ்ந்ததால் எந்திரத்தை நிறுத்த வழியில்லை. எரியும் கப்பல் காற்றோடு வேகமாக ஓடிக்கொண்டே இருந்தது. படகுகளை அவற்றின் அடித்தளத்தில் அசையாமல் தாங்கிய இரும்புத் தாங்கிகள், அவசரத்தில் படகை வெளியே தள்ள விடாமல் தடுத்தன. இறக்கிய படகுகளில் சில, ஒரு முனை விடுபட்டு மறுமுனை சிக்கியதால், ஆட்களை அலையில் கொட்டின. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எழுத்தாளர் எலியட் வார்பர்ட்டன் அவர்களில் ஒருவர்.

'அமேசான்' காலத்தில் படகுகள் வெறும் கப்பிக் கொக்கியில்தான் தொங்கின. படகின் இரு முனைகளிலும் இரும்பு வளையம், வடத்தின் நுனியில் கொக்கி. நீரில் இறங்கியதும் இருவர் இரு முனைகளில் குனிந்து, வடம் தளரும் கணம் பார்த்துக் கையால் கழற்ற வேண்டும். அந்த இருவரின் கைகளும் ஒரே தாளத்தில் இயங்கினால் உயிர் பிழைக்கலாம். இயங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை பிஸ்கே காட்டியது.

அதே பத்தாண்டில் சார்லஸ் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு புத்திசாலித்தனமான விடை கண்டார். இறக்கும் வேலையைக் கப்பல் தளத்திலிருந்து படகுக்குள்ளேயே மாற்றினார். இரு முனைகளின் வடங்களும் படகுக்குள் இருக்கும் ஒரே உருளையில் சுற்றப்பட்டன. உள்ளே அமர்ந்த ஒருவர் ஒரு கயிற்றைத் தளர்த்தினால் உருளை சுழன்று இரு முனைகளும் சம வேகத்தில் இறங்கும். படகு நீரை எட்டும்போது வடங்களின் நுனிகள் உருளையிலிருந்து தாமாகவே உருவிக்கொள்ளும். கழற்றுவதற்குக் கொக்கியே கிடையாது என்பதுதான் இதன் அழகு. பிற்காலக் கருவிகள் பலவற்றைவிட இது சிந்தனையில் தெளிவானது என்பது என் கணிப்பு. ஆனால் படகுகள் பெரிதாகி, அவற்றில் ஏறுவோர் தொகை கூடியபோது, ஒருவர் கையின் இழுவிசையை நம்பிய இம்முறை தாக்குப்பிடிக்கவில்லை.

பிரிட்டிஷ் கடற்படை வேறு வழியில் போனது. கினாஸ்டன், ராபின்சன் போன்றோர் பெயர்களில் வழங்கிய விடுவிப்புக் கொக்கிகள் அங்கே புழக்கத்துக்கு வந்தன. ஓடும் கப்பலிலிருந்து, கடலில் விழுந்தவரை மீட்கப் படகை இறக்குவது கடற்படையின் அன்றாடத் தேவை. ஆகவே நீருக்குச் சற்று மேலே, வடத்தில் பாரம் இருக்கும்போதே, இரு கொக்கிகளையும் ஒருசேரத் திறக்கும் பயிற்சி அங்கே வளர்ந்தது. 'ஊசிகளை எடு' என்ற கட்டளை முதலில் வரும், காப்பூசிகள் அகற்றப்படும். பிறகு 'விடு' என்பார்கள். படகு அலை முகட்டில் தொப்பென்று விழும். இந்த இரண்டு கட்டளைகளையும் கவனத்தில் வைக்க வேண்டும். பாரத்தோடு திறக்கும் கொக்கி ஆபத்தானது என்று கடற்படைக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஊசி. அந்த ஊசியை எடுக்கும் தருணத்தைத் தீர்மானிக்க, நாள்தோறும் இதையே பழகிய மாலுமிகள் இருந்தார்கள். வணிகக் கப்பலில் அவர்கள் இல்லை.

கத்தி தந்த விடை

'டைட்டானிக்' பற்றிப் பேசும்போது படகுகள் போதவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். விடுவிப்புக் கருவியைப் பொறுத்தவரை 1912 ஏப்ரல் 15 அதிகாலை நடந்த இன்னொன்று முக்கியமானது. 13ஆம் எண் படகு வலப்புறம் நீரைத் தொட்டபோது, கப்பலின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சி வெளியேறிய நீர் அதைப் பின்னோக்கித் தள்ளியது. வடங்கள் கழலவில்லை. அதே சமயம் 15ஆம் எண் படகு நேர் மேலே இறங்கிக்கொண்டிருந்தது. கீழிருந்தவர்களின் கூக்குரல் மேல்தளத்துக்கு எட்டவில்லை. கொதிகலன் பகுதித் தலைமைத் தொழிலாளி ஃபிரெடரிக் பாரெட் கத்தியால் வடங்களை அறுத்ததால் 13ஆம் படகு நசுங்காமல் தப்பியது.

விசித்திரம் என்னவென்றால், அந்தப் படகுகளில் இரு முனைகளையும் ஒருசேர விடுவிக்கும் முர்ரே கருவி பொருத்தப்பட்டிருந்தது. மெர்சி பிரபுவின் விசாரணை அறிக்கை இதைப் பதிவுசெய்கிறது. அதே படகில் இருந்த ஆங்கிலேய ஆசிரியர் லாரன்ஸ் பீஸ்லி, வடத்தை விடுவிக்கும் ஊசியை இருட்டில் காலடியில் தேடியும் கிடைக்காததைத் தன் நூலில் எழுதினார். கருவி இருந்தது; அதை எங்கே தொடுவது என்று அறிந்தவர் படகில் இல்லை.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சட்டமும் தொழில்நுட்பமும் படகுகளின் எண்ணிக்கையையும் அவற்றைத் தாங்கும் டேவிட் எனப்படும் தூக்குக் கைகளையும் கவனித்தன. சுவீடன் நாட்டவர் அக்செல் வெலின் வடிவமைத்த டேவிட்டுகள் டைட்டானிக்கிலேயே இருந்தன. பின்னர் படகின் எடையே அதை வெளியே தள்ளும் புவியீர்ப்பு டேவிட்டுகள் பரவின. இந்த முன்னேற்றத்துக்கிடையே ஒரு சிறு மாற்றம் அதிகம் பேசப்படாமல் நடந்தது. சணல் வடங்களின் இடத்தை எஃகுக் கம்பிவடங்கள் பிடித்தன. அவை வலுவானவை, மழையில் அழுகாதவை. ஆனால் பாரெட்டின் கத்தி இனி உதவாது. கொக்கி சிக்கினால் வேறு வழியே இல்லை என்ற நிலை அன்று உருவானது.

கீலாண்டும் 1986ஆம் ஆண்டு விதியும்

அந்த நிலையின் விலை 1980 மார்ச் 27 மாலை வட கடலில் தெரிந்தது. நார்வேயின் 'அலெக்சாண்டர் எல். கீலாண்ட்' என்பது எண்ணெய்த் துரப்பணத் தொழிலாளர்கள் தங்கிய மிதக்கும் மேடை. ஒரு தாங்கு குழாயில், ஒலியுணர்கருவியைப் பொருத்திய பற்றவைப்பில் தொடங்கிய களைப்பு விரிசலால் அதன் ஒரு கால் முறிந்தது. மேடை ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து, அரை மணி நேரத்துக்குள் தலைகீழானது. அங்கிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். தலா 50 பேர் கொள்ளும் 7 படகுகள் இருந்தன. நான்கு இறக்கப்பட்டன. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் கம்பிவடத்திலிருந்து விடுபட்டது. கொக்கியின் பாரம் முற்றிலும் நீங்காமல் திறக்கவிடாத பாதுகாப்பு அமைப்பே தடையாக நின்றது. பன்னிரண்டு மீட்டர் வரை எழுந்த அலைகளில் பாரம் நீங்கும் கணம் வரவேயில்லை.

எதிர்வினை விரைவாக வந்தது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் மூன்றாம் அத்தியாயம் 1983இல் முழுவதும் திருத்தி எழுதப்பட்டு, 1986 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் கட்டப்படும் கப்பல்களில் ஆன்-லோடு வசதி, அதாவது பாரம் தொங்கும்போதே இரு கொக்கிகளையும் ஒருசேரத் திறக்கும் வசதி, கட்டாயமானது. 20,000 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களில், அமைதியான கடலில் மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் கப்பல் நகரும்போதும் படகை இறக்க முடிய வேண்டும் என்ற விதியும் உண்டு. 'அமேசான்' எரிந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

விதி என்ன வேண்டும் என்று சொன்னது. எப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. உற்பத்தியாளர்கள் பல வகைக் கொக்கிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். பெரும்பாலானவற்றின் தத்துவம் ஒன்றுதான். கொக்கி ஓர் அச்சில் சுழலும். அதன் வால், பாதி வெட்டிய ஓர் உருளைத் தண்டின் மேல் அமர்ந்திருக்கும். படகோட்டியின் நெம்புகோலிலிருந்து நெகிழ்வான கம்பி வழியாக வரும் அசைவு அந்தத் தண்டைச் சற்றே சுழற்றினால், வாலுக்குக் கிடைத்த பிடி விலகும். படகின் எடையே கொக்கியைத் திறந்துவிடும். மலிவான, கச்சிதமான ஏற்பாடு. ஆனால் சில வடிவங்களில் படகின் எடை தண்டையும் திறக்கும் திசையிலேயே தள்ளியது. அப்போது அதை மூடிவைத்திருப்பது அந்த நெகிழ்கம்பியும் நெம்புகோலும் மட்டுமே. உறைக்குள் கம்பி துருப்பிடித்தால், நீளம் சற்று மாறினால், தண்டின் விளிம்பு ஓரிரு மில்லிமீட்டர் தேய்ந்தால், எவரும் தொடாமலே கொக்கி திறக்கும்.

அவசரத்தில் எவரும் படகேறாத நாட்களில், மாதாந்திரப் பயிற்சியில்தான் இவை திறந்தன. குறிப்பாக, படகை மீண்டும் மேலேற்றும்போது. கொக்கியை நீரில் மீண்டும் மாட்டி, தண்டை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். பார்வைக்கு மூடியிருக்கும் கொக்கி உண்மையில் பாதிப் பூட்டில் இருக்கலாம். வடம் இழுத்து, படகு நீரை விட்டு உயர்ந்து, தளத்தை நெருங்கும்போது ஒரு முனை விடும். பிரிட்டிஷ் கடல்விபத்து விசாரணைப் பிரிவு 2001இல் வெளியிட்ட ஆய்வு, பத்து ஆண்டுகளில் உயிர்காப்புப் படகு விபத்துகளில் 12 தொழில்முறைக் கடலோடிகள் இறந்ததையும் 87 பேர் காயமடைந்ததையும் கணக்கிட்டது. உயிர் காக்க வைத்த பொருள், பயிற்சியில் உயிர் வாங்கியது. பல கப்பல்களில் மாலுமிகள் படகில் ஏறவே அஞ்சினர். அச்சம் நியாயமானது.

தொடக்கத்தில் விசாரணைகள் மாலுமியின் தவறு, பராமரிப்புக் குறைவு, பயிற்சிப் போதாமை என்றே முடிந்தன. அதில் பொய்யில்லை. ஆனால் பல நாடுகளின் கொடியில் ஓடும் கப்பல்களில், பல மொழி பேசும் மாலுமிகள், பல உற்பத்தியாளர்களின் கையேடுகளோடு ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்றால், சந்தேகம் கருவியின் மீது விழ வேண்டும். பிரிட்டிஷ் கடல்சார் நிர்வாகத்துக்காக 2006இல் தயாரான ஓர் ஆய்வு அதைத் துணிந்து சொன்னது: பாரத்தால் திறக்கும் இயல்புள்ள கொக்கிகள் வடிவமைப்பிலேயே நிலையற்றவை, பராமரிப்பு எவ்வளவு சிறந்தாலும் அவை பாதுகாப்பானவை ஆகா. பேச்சு மாலுமியின் கையிலிருந்து கொக்கியின் வடிவியலுக்கு நகர்ந்தது இங்கேதான். இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் என நான் கருதுவது 1986ஐ அல்ல, இதைத்தான்.

ஊசி மீண்டும்

வடிவமைப்பை மாற்றும்வரை என்ன செய்வது? சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2009இல் விழுதடைக் கருவிகளைப் பயன்படுத்தும் வழிகாட்டுதலை வெளியிட்டது. கொக்கி தானாகத் திறந்தாலும் படகு விழாதபடி, வடத்தையும் படகையும் தனியே இணைக்கும் நார்ப்பட்டை அல்லது கொக்கியில் செருகும் பூட்டூசி. நீரை அடைந்ததும் அதை அகற்றிவிட்டுத்தான் கொக்கியைத் திறக்க முடியும். கடற்படை மாலுமிகள் எடுத்த அதே ஊசி, நூறாண்டு கழித்து வணிகக் கப்பலுக்குத் திரும்பி வந்தது. அதோடு பழைய கேள்வியும் வந்தது: இருட்டில், அலையில், அந்த ஊசியை எடுக்க யார் முன்முனைக்குப் போவார்?

சோலாஸின் 2011 மே மாதத் திருத்தம் நிரந்தரத் தீர்வை நோக்கியது. 2013 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அது, ஏற்கெனவே உள்ள கொக்கிகள் அனைத்தையும் மதிப்பிடச் சொன்னது. தேறாதவற்றை, 2014 ஜூலை 1க்குப் பின் கப்பல் முதன்முறை உலர்துறைக்குப் போகும்போது, எப்படியும் 2019 ஜூலை 1க்குள், மாற்ற வேண்டும். புதிய கொக்கிகளில் பாரம் கொக்கியை மூடியே வைத்திருக்க வேண்டும். படகு முழுவதும் மிதந்த பிறகே வழக்கமான விடுவிப்பு இயங்க வேண்டும். அடிப்பகுதியில் நீரின் அழுத்தம் ஒரு தகட்டை உயர்த்தி உள்பூட்டைத் திறக்கும். அதைத் தாண்டி, பாரத்தோடு விடுவிக்க வேண்டுமென்றால், தெரிந்தே, முயன்று, பல படிகளில் செய்ய வேண்டும். கைதவறித் திறக்க வழியில்லை. பராமரிப்பைத் தகுதிச் சான்று பெற்ற வல்லுநரே செய்ய வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று.

எல்லா விழுதலுக்கும் கொக்கியே காரணமல்ல. 2013 பிப்ரவரியில் கேனரித் தீவுகளின் சாந்தா குரூஸ் டே லா பால்மா துறைமுகத்தில் 'தாம்சன் மெஜஸ்டி' பயணிக் கப்பலின் படகு பயிற்சியின்போது விழுந்து ஐவர் இறந்தனர். அங்கே அறுந்தது துருப்பிடித்த கம்பிவடம்.

இந்தச் சிக்கல் முழுவதையும் ஒதுக்கிவிட்டுச் செல்லும் பாதையும் உண்டு. 2006 ஜூலை 1 முதல் கட்டப்படும் மொத்தச் சரக்குக் கப்பல்கள், சரிவான தண்டவாளத்திலிருந்து கடலில் பாயும் படகைப் பின்புறத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்குத் தொங்கும் வடமில்லை. பின்புறத்தில் ஒரே பிடி, உள்ளிருந்தே விடுவிப்பு. முதியவரும் குழந்தைகளும் பயணிக்கும் கப்பல்களில் அந்தப் பாய்ச்சலை ஏற்க முடியாது என்பதால், அங்கே டேவிட்டும் இரு வடங்களும் தொடர்கின்றன. ஒரே வடம், ஒரே கொக்கியில் இறங்கும் சிறு படகுகளுக்கு, பொருத்தமான இழுகயிறும் இருந்தால், முழுவதும் மிதந்த பிறகு மட்டும் விடுவிக்கும் வசதியே போதும் என்று உயிர்காப்புச் சாதனக் கோவை ஒப்புக்கொள்கிறது. பாரத்தோடு திறக்கும் கொக்கியின் தேவை, படகு இரண்டு வடங்களில் தொங்கும் இடத்தில் மட்டுமே எழுகிறது.