வீட்டுக்கு ஒரு மூளை: 360 கிலோ இரும்பு அலமாரியில் இருந்து கையடக்கப் பெட்டி வரை

இந்த எபிசோடுல ஒரு பெட்டியோட கதையைப் பார்க்கப் போறோம். வீட்டு லைட், ஃபேன், தண்ணி மோட்டார், கதவு சென்சார் எல்லாத்தையும் ஒரே இடத்துல இருந்து கவனிச்சுக்கிற பெட்டி. என் வீட்டுல இப்போ அந்த வேலையைச் செய்யறது 1 ஜிபி ரேம் உள்ள ஒரு ராஸ்பெரி பை 3. அதை மாத்துற நேரம் வந்தாச்சு. புதுசு வாங்கறதுக்கு முன்னாடி, இந்த மாதிரிப் பெட்டிகளோட வரலாற்றைக் கொஞ்சம் தேடிப் படிச்சேன். நாம எல்லாரும் கடைக்குப் போனதும் முதல்ல கேக்கறது "என்ன ப்ராசசர்?"னுதான். ஆனா வரலாற்றுல இந்தப் பெட்டிகளைக் கவுத்தது பெரும்பாலும் ப்ராசசர் இல்லை.

1966-க்குப் போவோம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஜிம் சதர்லேண்ட், நிறுவனத்தில் மிச்சமான உதிரி பாகங்களை வைத்து தன் வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் கட்டினார். பெயர் எக்கோ 4. எடை சுமார் 360 கிலோ. வீட்டுக் கடிகாரங்கள், டிவி, அறை வெப்பநிலை எல்லாம் அதன் கட்டுப்பாட்டில். பத்து வருஷம் போல அது ஓடியது. அதுல இருந்தது காந்த வளையங்களால் ஆன கோர் மெமரி. கரண்ட் போனாலும் எழுதினது அழியாது, எத்தனை தடவை எழுதினாலும் தேயாது. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மூணு வருஷம் கழிச்சு, 1969-ல, நீமன் மார்கஸ் என்ற ஆடம்பரக் கடை தன் விற்பனைப் பட்டியலில் ஹனிவெல் கம்பெனியின் 'கிச்சன் கம்ப்யூட்டர்' ஒன்றை அறிவித்தது. விலை 10,600 டாலர். சமையல் குறிப்பு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. சுவிட்சைத் தட்டி பைனரியில் உள்ளிடணும், பதில் விளக்குகளாக எரியும். அதைக் கத்துக்க இரண்டு வார வகுப்பும் சேர்த்துக் கொடுத்தாங்க. ஒண்ணாவது விற்றதுக்கு ஆதாரம் கிடைக்கலை. அன்னைக்கு அது நல்ல மினி கம்ப்யூட்டர்தான். ஆனா சாம்பார் கொதிக்கும்போது யார் பைனரி தட்டுவாங்க?

1975-ல் ஸ்காட்லாந்தின் க்ளென்ராதஸ் ஊரில் இருந்த பிகோ எலெக்ட்ரானிக்ஸ் வேறு வழியில் யோசித்தது. மூளையைப் பெரிசாக்க வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கரண்ட் ஒயரிலேயே செய்தி அனுப்பலாம் என்பதுதான் யோசனை. அதுதான் எக்ஸ்10. 16 வீட்டுக் குறியீடு, 16 கருவி எண், மொத்தம் 256 முகவரிகள். சாதாரணக் குடும்பங்கள் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளும் அளவுக்கு அது பரவியது. குறை என்னன்னா, ஆரம்ப கால மாட்யூல்கள் ஒருவழிப் பாதை. "லைட்டை அணை"ன்னு சொல்லலாம், அணைஞ்சுதான்னு தெரியாது. ஒயர்ல இரைச்சல் இருந்தா கட்டளை நடுவழியிலேயே காணாமப் போகும்.

இப்போ நம்ம காலம். 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெரி பை வந்தது, 35 டாலருக்கு. அடுத்த வருஷம், 2013-ல், பாலஸ் ஸ்கௌட்சன் பைத்தானில் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளை வெளியிட்டார். இரண்டும் நல்ல ஜோடி. உலகம் முழுக்கப் பேர் பேரா ஒரு சின்ன போர்டை ரவுட்டர் பக்கத்துல வச்சு வீட்டை ஓட்ட ஆரம்பிச்சாங்க.

எக்கோ 4-ஓட கோர் மெமரியை இங்கே ஞாபகப்படுத்திக்கோங்க. ராஸ்பெரி பை-க்கு எஸ்டி கார்டுதான் டிஸ்க். ஹோம் அசிஸ்டென்ட், ஒவ்வொரு சென்சார் மாற்றத்தையும் டேட்டாபேஸில் எழுதுது. நாம எதையும் மாத்தலைன்னா பத்து நாள் வரலாறு சேரும். ராத்திரி பகலா எழுதிக்கிட்டே இருந்தா ஃப்ளாஷ் மெமரி தேயும். எழுதற நேரத்துல கரண்ட் போனா ஃபைல் கெடும். 1966-ல இல்லாத பிரச்னையை, விலை குறையும்போது நாமளே உள்ளே கொண்டு வந்தோம்.

இன்னொரு வகைச் சாவும் உண்டு. ரிவால்வ்னு ஒரு ஹப். 2014-ல் நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கினவங்க வீட்டுல பெட்டி நல்லாத்தான் இருந்தது, எதுவும் எரிஞ்சு போகலை. ஆனா மூளை இருந்தது கம்பெனி சர்வர்ல. அதை அணைச்சதும் வீட்டுல இருந்தது வெறும் பிளாஸ்டிக். என் வீட்டு லைட்டை எப்போ நிறுத்தறதுன்னு வேற ஊர்ல ஒரு மீட்டிங்ல முடிவாகக் கூடாது. இதுல நான் விட்டுக்கொடுக்கறதா இல்லை.

அப்புறம் 2021-ல சிப் தட்டுப்பாடு. 35 டாலருக்கு வித்த 2 ஜிபி ராஸ்பெரி பை 4, 45 டாலர் ஆச்சு. அந்த விலைக்கும் கையில கிடைக்கலை. அப்பதான் நிறைய பேர் அலுவலகங்கள் கழிச்சு விட்ட குட்டி கம்ப்யூட்டர்கள் பக்கம் போனாங்க. 2023-ல் இன்டெல் என்100 வந்ததும் மினி பிசி இன்னும் மலிவாச்சு. 2025 டிசம்பர் பதிப்போட ஹோம் அசிஸ்டென்ட் 32 பிட்டுக்கான ஆதரவை முடிச்சுக்கிட்டதால, பழைய போர்டு வச்சிருந்தவங்களுக்கு வேற வழியும் இல்லை.

சரி, நான் என்ன வாங்கப் போறேன்? என்100 மினி பிசி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வேகத்துக்காக இல்லை. முதல் காரணம் அந்த எஸ்எஸ்டி. அடுத்தது, கெட்டுப்போனா தெருமுனைக் கடையிலயே மாத்து கிடைக்கும். பேக்கப் ஃபைலை வேற எந்தப் பெட்டியில ஏத்தினாலும் வீடு பழையபடி ஓடும். ஜிக்பீ குச்சியையும் அப்படியே பிடுங்கி இதுல மாட்டிக்கலாம். யூஎஸ்பி 3 போர்ட் பக்கத்துல ரேடியோ தொந்தரவு இருக்கும்கறதால ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டா போதும்.

மூணாவது கரண்ட். வருஷம் முழுக்க ஓடற 1 வாட், 8.76 யூனிட். வீட்டுல சும்மா கிடக்கிற பழைய டெஸ்க்டாப் 50 வாட் இழுத்தா, 60 நாள்ல 72 யூனிட். தமிழ்நாட்டுல இரண்டு மாசத்துக்குக் கிடைக்கிற இலவச யூனிட்ல கணிசமான பங்கு அதுக்கே போயிடும். 10 வாட் மினி பிசின்னா 14.4 யூனிட்தான்.

கேமரா படத்துல ஆள் யார், நாய் எதுன்னு வீட்டுக்குள்ளயே கண்டுபிடிக்கணுமா? குரல் கட்டளையை வெளியே அனுப்பாம புரிஞ்சுக்கணுமா? அப்போ மட்டும் ப்ராசசரைப் பத்திக் கவலைப்படுங்க. வெறும் லைட், மோட்டார்னா என் பழைய 3-க்கே வேகம் மிச்சம்.

கடைசியா ஒண்ணு, இதுக்குக் காசே தேவையில்லை. நான் ஆபீஸ்ல இருக்கும்போது வீட்டுல பாட்டி மட்டும்தான். பெட்டி நின்னாலும் சுவரு சுவிட்சைத் தட்டினா லைட் எரியணும். அதனால எந்த ஸ்மார்ட் ரிலே வாங்கினாலும் சுவிட்சுக்குப் பின்னாடி மாட்டறேன், சுவிட்சைக் கழட்டறதில்லை. புதுப் பெட்டி வந்ததும் முதல் சோதனை அதோட ப்ளக்கைப் பிடுங்கிட்டு, பாட்டியை ஹால் லைட் போடச் சொல்றதுதான்.

அடுத்த எபிசோடுல பேக்கப் எங்கே வைக்கிறதுன்னு பேசுவோம்.